பந்தெறிந்து உயர்ந்த பாலு

சிங்கப்பூர்ப் பாடாங் திடலில் 1852ஆம் ஆண்டு தோன்றிய கிரிக்கெட் கழகம் நெடுங்காலம் ஐரோப்பியருக்கே உரியதாயிருந்தது. இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர் கழகங்களும் அத்தகையனவே. அவற்றின் வேலிக்குள் இந்தியருக்கும் இடமுண்டு. ஆனால், வேலையாளராக மட்டுமே. பல்வங்கர் பாலு ஆட்டக்களம் புகுந்தது அந்த வேலையாள் வாயில் வழியாகத்தான்.

1876இல் தார்வாரில் பிறந்த பாலு, தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட சமார் குலத்தவர். புனாவில் ஐரோப்பியர் கழகத்தில் திடலைச் செப்பனிடும் பணி கிடைத்தது. திங்கள் ஊதியம் நான்கு ரூபாய். மட்டை பிடித்து மகிழ்வது துரைமார் உரிமை; வெயிலில் நின்று பந்தெறிவது கூலியாள் கடமை. இங்கிலாந்திலும் ஊதியம் பெறும் ஆட்டக்காரரைச் சீமான்களினின்று பிரித்துவைத்த வழக்கம் 1962 வரை நீடித்தது. பாலு துரைமாருக்கு நாள்தோறும் பந்தெறிந்தார்; மட்டையைத் தொடும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. எனினும், இடக்கையால் மெல்ல வீசிப் பந்தைச் சுழற்றும் கலை அவருக்குக் கைவந்தது.

ஐரோப்பியரை வெல்ல விரும்பிய புனா இந்துக்கள் அவரைத் தம் அணியில் சேர்த்தனர். களத்தில் அவர் தொட்ட பந்தை அனைவரும் தொட்டனர். களத்தைவிட்டு வெளியேறியதும் அவருக்குத் தேநீர் தனியே மண் குவளையில்; உணவும் தனியே! பந்துக்கு இல்லாத தீட்டு குவளைக்கு எங்கிருந்து வந்தது?

பின்னர் பம்பாய் சென்ற பாலு, 1906இல் இந்துக்கள் அணி ஐரோப்பியரை 109 ஓட்டங்களில் வென்றபோது வெற்றிக்குத் தூணாக நின்றார். 1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து சென்ற இந்திய அணி பல ஆட்டங்களில் தோற்றது. ஆயினும் பாலு 114 விக்கெட்டுகளைச் சாய்த்தார். இத்தனைக்குப் பிறகும் தலைமைப் பதவி அவருக்கு அளிக்கப்படவில்லை. 1920இல் துணைத் தலைவரானதே அவர் கண்ட எல்லை. அவருக்கு மறுக்கப்பட்ட அந்தப் பதவியை 1923இல் அவருடைய தம்பி விட்டல் பெற்றார்.

ஆட்டத்தை விட்டபின் பாலு அரசியலில் ஈடுபட்டார். 1932ஆம் ஆண்டுப் புனா உடன்படிக்கையில் தமிழகத்தின் எம். சி. இராஜாவுடன் அவரும் கையொப்பமிட்டார். 1937 பம்பாய்ச் சட்டமன்றத் தேர்தலில் அம்பேத்கரை எதிர்த்துப் போட்டியிட்டுத் தோற்றார். 1955இல் மறைந்தார்.

திறமை அவருக்குக் கதவைத் திறந்தது, அரியணையைத் தரவில்லை. ஆனால், அவர் திறந்த கதவை எவராலும் மீண்டும் அடைக்க இயலவில்லை.