இடம் வண்டிக்கா, ஆளுக்கா?

எந்த ஊரிலும் பார்க்கலாம். ஆலங்காயத்திலும் பார்க்கலாம். பின்னால் இரண்டு பக்கமும் இணைப்புச் சக்கரம் மாட்டிய ஸ்கூட்டர். ஊர்க்காரர்கள் அதை 'மூணு சக்கர வண்டி' என்பார்கள். எண்ணிப் பார்த்தால் நாலு இருக்கும், அது வேறு விஷயம். கொஞ்சம் பழைய வண்டியாக இருந்தால் ஆர்.சி. புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். வண்டியின் வகை என்ற இடத்தில் 'இன்வாலிட் கேரேஜ்' என்று போட்டிருக்கும்.

இன்வாலிட் என்றால்? நமக்குத் தெரிந்த அர்த்தம், தேர்தலில் 'செல்லாத ஓட்டு'. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் இந்த வார்த்தையைத்தான் வைத்திருந்தது. தமிழ்நாட்டில் 2010-லேயே 'ஊனமுற்றோர்' போய் 'மாற்றுத்திறனாளி' வந்தாயிற்று. ஆனால், மத்திய சட்டப் புத்தகத்தில் மட்டும் 'செல்லாதவர் வண்டி' ஓடிக்கொண்டே இருந்தது. 2019-ல் சட்டத்தைத் திருத்தியபோதுதான் அந்த வார்த்தையை எடுத்துவிட்டு, 'தேவைக்கேற்ப மாற்றியமைக்கப்பட்ட வாகனம்' என்று ஆக்கினார்கள்.

இந்த வார்த்தை நமக்கு இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே அதற்கு ஒரு முழுக் கதையே இருக்கிறது.

பெர்ட் கிரீவ்ஸ் என்று ஒரு மெக்கானிக். அவருடைய உறவுக்காரப் பையன் டெரி பிரெஸ்டன் காபுக்குக் கால்கள் செயல்படாது. அவருடைய சக்கர நாற்காலியில் ஒரு மோட்டாரை மாட்டினால் என்ன என்று கிரீவ்ஸுக்குத் தோன்றியது. மாட்டினார். ஓடியது! இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம். கால் இழந்து திரும்பிய சிப்பாய்கள் ஏராளம். இருவரும் சேர்ந்து 'இன்வாகார்' என்று கம்பெனியே ஆரம்பித்தார்கள். மூன்று சக்கரம், வெளிர் நீல நிறம். அரசாங்கமே இந்த மாதிரி வண்டிகளை வாங்கி இலவசமாகக் கொடுத்தது. இன்று நம் தமிழக அரசு இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் கொடுக்கிறது இல்லையா, கிட்டத்தட்ட அதே மாதிரி.

ஒரே ஒரு சிக்கல். வண்டியில் ஒரே ஒரு சீட்தான். மனைவியையோ குழந்தையையோ ஏற்றிக்கொண்டு போக வழியே கிடையாது. காலை இழந்தவருக்குக் குடும்பம் இருக்காது என்று யாரோ முடிவு பண்ணிவிட்டார்கள் போல. பாதுகாப்பும் குறைவு. கடைசியில் 2003 மார்ச் 31-ல் இவற்றை ரோட்டில் ஓட்டவே தடை போட்டார்கள்.

ஆனால், அதற்கு 30 வருஷம் முன்பே ஒருவர் விஷயத்தை வேறு திசைக்குத் திருப்பியிருந்தார். அவர் பெயர் ஆல்ஃப் மோரிஸ், மான்செஸ்டரின் தொழிற்கட்சி எம்.பி. அவருடைய அப்பா முதல் உலகப் போரில் ஒரு கண்ணையும் ஒரு காலையும் இழந்து, விஷவாயுவிலும் மாட்டித் திரும்பியவர். பிரிட்டிஷ் பார்லிமென்ட்டில் தனிநபர் மசோதா கொண்டுவர யாருக்கு வாய்ப்பு என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். 1969-ல் குலுக்கியபோது மோரிஸ் பெயர் முதலாவதாக வந்தது. அடுத்த வருஷம் மே மாதம், தேர்தலுக்காக சபையைக் கலைக்கப்போகிற கடைசி நேரத்தில், அவருடைய மசோதா சட்டமானது. அதன் 21-வது பிரிவுதான் நமக்கு முக்கியம்.

அது சொன்னது இதுதான். மாற்றுத்திறனாளிக்கு ஒரு பேட்ஜ் கொடுக்க வேண்டும். அந்தப் பேட்ஜ் வண்டிக்கு இல்லை, ஆளுக்கு. அவர் ஓட்டி வந்தாலும் சரி, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தாலும் சரி. இன்று அண்ணன் கார், நாளைக்கு நண்பர் கார். எதில் வந்தாலும் கண்ணாடிக்குப் பின்னால் பேட்ஜை வைத்தால் போதும். 1971-ல் ஆரஞ்சு நிறத்தில் வந்த பேட்ஜ், 2000-த்தில் நீலமானது. வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்கும் 2019-ல் இங்கிலாந்தில் வாசலைத் திறந்துவிட்டார்கள்.

நம் ஊரில் இந்த இடத்தில்தான் இடிக்கிறது. நம்மிடம் வண்டிக்கு ஆர்.சி. இருக்கிறது. ஆளுக்கும் நாடு முழுக்கச் செல்லும் அடையாள அட்டை வந்துவிட்டது. ஆனால், நாடு முழுக்கச் செல்லும் பார்க்கிங் பேட்ஜ்? இல்லை.

சரி, பேட்ஜ் இருந்தால் மட்டும் போதுமா? இடம் வேண்டாமா?

அதற்கு அமெரிக்கா போகவேண்டும். காரை நிறுத்தக் காசு கேட்கும் மெஷினைக் கொண்டுவந்தவர் கார்ல் மகீ. பத்திரிகை ஆசிரியர். (நம் இனம்தான், கல்லெறியாதீர்கள்!) ஓக்லஹோமா நகரத்தில் கடைச் சிப்பந்திகள் காலையில் காரை நிறுத்தினால் சாயங்காலம்தான் எடுப்பார்கள். வாடிக்கையாளருக்கு இடமே இருக்காது. 1935 ஜூலை 16-ல் முதல் மீட்டரை நட்டார்கள். கட்டணம் 5 சென்ட். நோக்கம் வருமானம் இல்லை, இடத்தைச் சுழல வைப்பது. உண்டியல் நிறைய ஆரம்பித்ததும் நோக்கம் மாறியது, அது மனித சுபாவம்.

காசு கொடுத்தால் இடம் கிடைக்கும், சரி. அந்த இடத்தில் சக்கர நாற்காலியை இறக்க முடியாதே! காரின் கதவை முழுசாகத் திறக்கவேண்டும். பக்கத்தில் நாற்காலியை விரிக்கவேண்டும். சீட்டிலிருந்து அதற்கு மாறவேண்டும். இரண்டு கார்களுக்கு நடுவே நம்மில் பலர் வயிற்றை எக்கிக்கொண்டு வெளியே வருகிறோமே, அந்தச் சந்தில் இதெல்லாம் நடக்குமா?

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்காகப் பாடுபட்டவர் திமோத்தி நியூஜென்ட். அவர் முன்நின்று உருவாக்கிய கட்டடத் தர அளவு 1961-ல் வெளியானது. அதில் ஒரு வரி: இப்படிப்பட்ட பார்க்கிங் கட்டம் 12 அடி அகலம் இருக்கவேண்டும். இன்று நம் மத்திய அரசின் மாதிரிக் கட்டட விதிகளைப் பாருங்கள். வாசலிலிருந்து 30 மீட்டருக்குள் இரண்டு கார்களுக்கு இடம், ஒவ்வொன்றும் குறைந்தது 3.6 மீட்டர் அகலம். அடிக்கு மாற்றிப் பாருங்கள். ஏறக்குறைய அதே 12!

இந்த அளவெல்லாம் அமெரிக்க சமாச்சாரம், நமக்கு எதற்கு என்பவர்கள் வேலூர் சி.எம்.சி.யின் மேரி வர்கீஸைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1954 ஜனவரி 30, கார் விபத்து. இளம் டாக்டரான அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அவரை முடங்க விடாமல் இழுத்துவந்தார் டாக்டர் பால் பிராண்ட். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் விரல்களுக்கு ஆபரேஷன் செய்தார் மேரி. பிறகு நியூயார்க் போய் ஹோவர்ட் ரஸ்க்கிடம் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூரில் அதற்கென்றே தனி மையம் எழுந்தது. 1972-ல் பத்மஸ்ரீ. முதுகெலும்பு அடிபட்டவரும் வீட்டுக்குப் போகலாம், வேலைக்குப் போகலாம், வண்டியும் ஓட்டலாம் என்ற எண்ணத்துக்கு நம் பக்கம் விதை போட்டவர் அவர். ஆலங்காயமும் அப்போது அதே வட ஆற்காடு மாவட்டம்தான்.

நீலப் பலகையில் வெள்ளைக் கோட்டில் சக்கர நாற்காலி. அந்தச் சின்னத்தை 1968-ல் வரைந்தவர் சூசன் கோஃபோட் என்ற டென்மார்க் மாணவி. அவர் வரைந்ததில் நாற்காலி மட்டும்தான், ஆள் இல்லை! கார்ல் மோன்டன் என்பவர்தான் மேலே ஒரு வட்டம் போட்டுத் தலையாக்கினார். நாற்காலி மனிதர் ஆனார். நம் கதைக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது, இல்லையா?

இப்போது தனியார் பார்க்கிங்குக்கு வருவோம். அடிதடியெல்லாம் இங்கேதான்.

இங்கிலாந்தில் தனியார் இடத்தில் காரை நிறுத்தினால் சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டுக் காசு கேட்கும் கூட்டம் ஒன்று இருந்தது. ஸ்காட்லாந்து நீதிமன்றம் 1992-லேயே இதை மிரட்டிப் பறித்தல் என்று சொல்லிவிட்டது. இங்கிலாந்தில் 2012 அக்டோபரில்தான் பூட்டை ஒழித்தார்கள். பூட்டு போனது, பில் வந்தது. செம்ஸ்ஃபோர்டு என்ற ஊரில் ஒரு கடை வளாகம். 2 மணி நேரம் பார்க்கிங் இலவசம். பாரி பீவிஸ் என்பவர் கூடுதலாக 56 நிமிஷம் நின்றுவிட்டார். 85 பவுண்டு கட்டு என்றது பார்க்கிங் கம்பெனி. சுப்ரீம் கோர்ட் வரை போனார். 2015 நவம்பரில் தீர்ப்பு: கட்டவேண்டியதுதான். போர்டைப் பார்த்து நிறுத்தினீர்கள் அல்லவா? அதுவே ஒப்பந்தம்.

பி.காம்.காரனான எனக்கு அந்த வழக்கில் பிடித்தது வேறொரு தகவல். கடை வளாகம் அந்தக் கம்பெனிக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. கம்பெனிதான் இடத்துக்காரருக்கு வாரம் 1,000 பவுண்டு கொடுத்தது! எல்லோரும் 2 மணி நேரத்தில் ஒழுங்காகக் கிளம்பிவிட்டால் கம்பெனிக்கு ஓட்டாண்டி நிலைமைதான். யாராவது தாமதமாக வேண்டும் என்று தினம் சாமி கும்பிடும் வியாபாரம். தாமதமாகக்கூடியவர் யார்? நாற்காலியை இறக்கி, ஏறி, சாய்தளம் தேடிச் சுற்றி வருகிறவர்தானே? அங்கே நீலப் பேட்ஜ் பொது ரோட்டில்தான் தானாகச் செல்லும். தனியார் கேட்டுக்குள் போனால் 2010-ம் வருஷச் சமத்துவச் சட்டத்தைக் காட்டி, நியாயமான சலுகை கொடு என்று வாதாடத்தான் வேண்டும்.

இதைப் படிக்கும்போது நம் ஊர் வாசனை அடிக்கவில்லையா? இதற்கு இங்கே பெயர் குத்தகை. பேரூராட்சியோ நகராட்சியோ வருஷத்துக்கு ஒருமுறை வண்டி ஸ்டாண்டை ஏலம் விடும். ஏலம் எடுத்தவர் பணத்தைக் கட்டிவிடுவார். அப்புறம் உள்ளே இலவசமாக நிற்கும் ஒவ்வொரு வண்டியும் அவருக்கு நஷ்டக் கணக்கு. அவர் கெட்டவர் இல்லை. பேரேடு அப்படி எழுதப்பட்டிருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், குத்தகைதாரரை நடுவிலிருந்து எடுத்துவிடலாம் என்ற யோசனை வேர்விட்டதே இந்த வட்டாரத்தில்தான். 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் பகுதி கம்பெனி கைக்கு வந்தது. ஆலங்காயத்துக்குப் பக்கத்திலிருக்கும் திருப்பத்தூரில் உட்கார்ந்துகொண்டு அலெக்சாண்டர் ரீட் வரி நிர்வாகத்தைப் பார்த்தார். உதவிக்குத் தாமஸ் மன்றோ. இடைத்தரகர் இல்லாமல் விவசாயியிடம் நேரடியாகக் கணக்குப் பார்க்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் முளைத்தது. நிலத்தில் நடந்தது. வண்டி ஸ்டாண்டில் இன்னும் நடக்கவில்லை!

மால்களின் கட்டணம் பற்றி நீதிமன்றங்கள் பேசாமல் இல்லை. 2019-ல் குஜராத் உயர் நீதிமன்றம், மால்கள் பார்க்கிங்குக்குக் காசே வாங்கக்கூடாது என்றது. அதற்கு முந்தைய வருஷம் தெலங்கானா அரசு, முதல் அரை மணி நேரம் எல்லோருக்கும் இலவசம் என்று உத்தரவு போட்டது. நல்லதுதான். ஆனால், கட்டண விவகாரத்தில் எல்லோரும் மூழ்கிவிட, அகலத்தை மறந்துவிடுகிறோம் என்பது என் அபிப்பிராயம். ஓசியில் கிடைத்த ஒரு முழம் இடத்தில் நாற்காலியை எப்படி விரிப்பது? காசு கொடுக்கத் தயாராக இருப்பவருக்கும் 12 அடி வேண்டும்.

அதைவிடப் பெரிய கோளாறு, நம் விதிகள் காரை நினைத்து எழுதப்பட்டவை. நம் ஊரில் மாற்றுத்திறனாளி பெரும்பாலும் காரில் வருவதில்லை. அந்த இணைப்புச் சக்கர ஸ்கூட்டரில் வருகிறார். டூவீலர் வரிசையில் விட்டால் இரண்டு வண்டி இடத்தை அடைக்கும். ஸ்டாண்டுக்காரர் முகம் சுளிப்பார். கார் பக்கம் போனால் 'இது கார் பார்க்கிங்' என்பார் செக்யூரிட்டி. எந்த டோக்கன் கிழிப்பது என்று அவருக்கும் தெரியாது. 2019 நவம்பரில் திருப்பத்தூர் தனி மாவட்டம் ஆகும்வரை, ஆலங்காயத்துக்காரர் கலெக்டர் ஆபீஸ் வேலை என்றால் வேலூருக்குத்தான் போகவேண்டும். அத்தனை தூரம் போய், வண்டி விட இடம் தேடுவது தனி உத்தியோகம்.

2016-ம் வருஷச் சட்டம் பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையப் பார்க்கிங்கையெல்லாம் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம். மறுபடியும் மீறினால் 50,000-த்திலிருந்து 5 லட்சம் வரை. ஆனால், சட்டத்தின் கீழ் போட்ட விதிகளோ 'செய்தால் நல்லது' பாணியில் இருந்தன. ராஜீவ் ரதூரி என்ற பார்வையற்றவர் 2005-ல் போட்ட வழக்கில், 2024 நவம்பர் 8-ல் சுப்ரீம் கோர்ட் இந்த மழுப்பலைத்தான் பிடித்துக்கொண்டது. 15-வது விதி சட்டத்துக்கே முரண் என்று சொல்லி, கட்டாயம் செய்யவேண்டியது எது என்பதைத் தனியாகப் பிரித்து எழுதுங்கள் என்று மத்திய அரசுக்கு 3 மாதக் கெடு கொடுத்தது.

அப்படிப் பிரித்து எழுதும் பட்டியலில் காருக்கு 3.6 மீட்டர் நிச்சயம் இடம்பிடிக்கும். ஸ்கூட்டருக்கு ஒரு கட்டம் உண்டா என்பதைத்தான் ஆலங்காயத்துக்காரர் பார்க்கவேண்டும். அடுத்த ஏல நோட்டீஸில், 'இணைப்புச் சக்கர வண்டிக்கு வாசல் ஓரம் இத்தனை அடி ஒதுக்க வேண்டும்' என்று ஒரு நிபந்தனை சேர்க்க டெல்லியின் அனுமதி தேவையில்லை. பேரூராட்சி மன்றத்தில் ஒரு தீர்மானம் போட்டால் ஆயிற்று.