ஹைதராபாத்தின் வானக் கண்கள்

வானத்தை அளந்தறியும் ஆசை நம் நாட்டில் மிகப் பழையது. எனினும், கண்டதைக் கண்ணாடித் தகட்டில் பதித்து, ஆண்டு பல கடந்தும் ஒப்புநோக்கத்தக்க சான்றாக்கும் முறை 19ஆம் நூற்றாண்டிலேயே பிறந்தது. அம்முறையில் உலகறிய உழைத்த நகரம், தமிழர் பலர் வாழ்ந்துவரும் ஹைதராபாத் ஆகும்.

அந்நகரப் பிரபுவான நவாப் ஜாபர் ஜங், 1901ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து 15 அங்குல வில்லை கொண்ட கிரப் தொலைநோக்கியை வரவழைத்துத் தம் நிலத்தில் வானாய்வு நிலையம் ஒன்றை நிறுவினார். அதற்கு நிஜாமியா என்று பெயர். அவர் மறைந்த பின், 1908இல் நிஜாம் அரசு அதனை ஏற்றது. பின்னர் அது பேகம்பேட்டையில் நிலைபெற்றது.

பெரிய தொலைநோக்கி இருக்க, நிழற்படம் எடுக்க அதனையே ஏன் தேர்ந்தெடுக்கவில்லை என்று நாம் கேட்கலாம். விடை வில்லையின் இயல்பில் உள்ளது. ஒரு வில்லை எல்லா நிறங்களையும் ஒரே இடத்தில் குவிப்பதில்லை; நீலம் முன்னும் சிவப்பு பின்னுமாகக் குவியும். இருவகைக் கண்ணாடிகளை இணைத்தாலும் குறை முற்றும் நீங்காது. ஏதேனும் ஒரு நிறப்பகுதியைத் தேர்ந்து, அதற்கேற்பக் கடைய வேண்டும். மனிதக் கண் மஞ்சளையும் பச்சையையும் நன்கு உணரும். அக்காலத் தகடோ நீலத்தையும் ஊதாவையுமே உணர்ந்தது. ஆகவே, கண்ணுக்குக் கூர்மையாகத் தோன்றிய விண்மீன் தகட்டில் மங்கிப் பரவும். படத்திற்கென நீல ஒளிக்கு இசையக் கடைந்த வில்லையே வேண்டும். நிஜாமியாவில் அப்பணியை ஏற்றது 8 அங்குலக் குக் நிழற்படத் தொலைநோக்கி. அளவில் சிறியதே வேலைக்கு உரியதாயிற்று!

வில்லை மட்டும் போதாது. பூமி சுழல்வதால் விண்மீன்கள் நகர்கின்றன. அவற்றைப் பின்தொடரக் கடிகாரப் பொறி தேவை. பொறியின் பிழையைத் திருத்த, துணைத் தொலைநோக்கி வழியே ஒருவர் ஒரு விண்மீனை விடாது நோக்கியிருத்தலும் வேண்டும்.

1887இல் பாரிஸில் கூடிய வானியலார், முழு வானத்தையும் நிழற்படத்தில் அளந்து அட்டவணையாக்க முடிவு செய்தனர். தகட்டில் ஒரு மில்லிமீட்டர், வானில் ஒரு கலை. இதுவே பொது அளவு. பல நாடுகளின் நிலையங்கள் வானத்தைப் பங்கிட்டுக்கொண்டன. சிலி நாட்டுச் சாந்தியாகோ நிலையம் முடிக்க இயலாதுபோன தெற்கு 17 முதல் 23 பாகை வரையான பகுதி ஹைதராபாத்தின் பங்காயிற்று. நாம் அனுஷம் என்று வழங்கும் கூட்டத்தின் விண்மீன்கள் சில அப்பகுதியில் உள்ளன. ஐரோப்பாவில் அடிவானத்தை ஒட்டித் தோன்றும் இப்பகுதி, ஹைதராபாத்தில் நன்கு உயர்ந்து விளங்கும்.

1914இல் பொறுப்பேற்ற போகாக் இப்பணியைத் தீவிரமாக நடத்தினார். 1918இல் அவர் மறைந்த பின், தி. பா. பாஸ்கரன் கால் நூற்றாண்டுக் காலம் தலைமை தாங்கினார். 1919 முதல் நிலையம் உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. ஜெர்மனியின் பாட்ஸ்டாம் நிலையம் கைவிட்ட வடபகுதியிலும் ஒரு பங்கை ஹைதராபாத் ஏற்றது. இறுதியில் 12 தொகுதிகளில் 7 லட்சத்து 60 ஆயிரத்திற்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடங்கள் அச்சேறின.

இவ்வுழைப்பு வீண்போகவில்லை. விண்மீன்களின் நகர்ச்சை மிகவும் சிறிது. அதனை அறிய நெடுங்கால இடைவெளி வேண்டும். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த டைக்கோ-2 அட்டவணை, செயற்கைக்கோள் அளவுகளோடு இப்பழைய அளவுகளையும் ஒப்பிட்டே இருபத்தைந்து லட்சம் விண்மீன்களின் நகர்ச்சையைக் கணித்தது. தகடுகளை அளந்தவர்கள் தம் உழைப்பின் இப்பயனைக் கண்டிருக்க இயலாது.

இந்நிலையத்தில் பணியாற்றிய வானியலார் ஒருவரின் மைந்தரே, சென்னையில் பிறந்து நிஜாம் கல்லூரியில் பயின்ற வைணு பாப்பு. 1960இல் கொடைக்கானல் நிலையத் தலைமையை ஏற்ற அவர், பின்னர் ஜவ்வாது மலையடுத்த காவலூரில் புதிய நிலையம் கண்டார். பேகம்பேட்டையில் மூண்ட விளக்கு ஒன்று இவ்வாறு தமிழகத்திலும் ஒளிர்ந்தது.

இன்று ஒளியுணர் சில்லுகள் எல்லா நிறங்களையும் ஏற்கின்றன; மூன்று வில்லைகளை இணைத்து நிறப்பிழையைப் பெரிதும் குறைக்கின்றனர். எனினும், வாங்குமுன் கேட்கவேண்டிய கேள்வி பழையதே: நோக்கப்போவது கண்ணா, பதிக்கும் கருவியா? தாங்கும் பொறி உறுதியானதா? ஹைதராபாத்தில் வாழும் நம் பிள்ளைகள் பேகம்பேட்டையைக் கடக்கும்போது, அங்கு இரவெல்லாம் கண்விழித்துத் தகடு தகடாக வானத்தை அளந்தவர்களை நாம் எடுத்துச்சொல்வோமாக.