வன்னியில் வீட்டுத் தையற்பொறி: ஒரு வரலாற்று நோக்கு

வன்னிப் பெருநிலப்பரப்பின் அண்மைக்கால வரலாற்றை எழுதுவோர் குளங்களுக்கும் குடியேற்றங்களுக்கும் போருக்கும் அளித்த கவனத்தை வீட்டுக்குள் இயங்கிய கருவிகளுக்கு அளித்தாரல்லர். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களில் வீட்டுத் தையலுக்கென ஒரு பொறியைத் தெரிவுசெய்தல் எத்தகைய செயலாக இருந்தது என்னும் வினா அற்பமானதன்று. பிறவிடங்களில் விலையும் தையல்வகைகளும் அத்தெரிவை முடிவுசெய்திருக்கலாம். இங்கோ மின்சாரமும் பாதையும் இடப்பெயர்வுமே அதனை முடிவுசெய்தன.

மேல்நூலும் கீழ்நூலும் துணியின் நடுவே பிணையும் பூட்டுத்தையற் பொறிக்கு எலியாஸ் ஹோ 1846 இல் அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றார். ஐசக் சிங்கர் 1851 இல் தமது பொறிக்குக் காப்புரிமை பெற்றார். 1856 அளவில் சிங்கர் நிறுவனம் தொடக்கிய தவணைமுறை விற்பனை, கைப்பணம் இல்லாக் குடும்பங்களையும் அப்பொறி எட்டுதற்கு வழிவகுத்தது. 1877 இல் கொழும்புப் புறக்கோட்டையில் அந்நிறுவனத்தின் கடை திறக்கப்பட்டது. குடியேற்ற ஆட்சிக்கால இலங்கையில் நவீனம் சாதாரண மக்களின் வாழ்வினுட் புகுந்த வழிகளுள் தையற்பொறியும் ஒன்று என்பதை நிரா விக்கிரமசிங்க 2014 இல் வெளிவந்த தமது நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். பொறிமயமாதலைக் கடுமையாக எதிர்த்த காந்தியடிகளும் 1924 இல் நிகழ்ந்த உரையாடலொன்றிற் சிங்கர் பொறியை விதிவிலக்காக ஏற்றுக்கொண்டமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. மனிதரின் உழைப்பைப் பறியாது அதன் சுமையைக் குறைக்கும் கருவியாக அவர் அதனைக் கண்டார்.

வீட்டுப் பொறிகளை அவற்றை இயக்கும் விசை நோக்கி மூவகைப்படுத்தலாம். கையாற் சுழற்றும் பொறி எளிமையானது. ஆயின் வலக்கை சக்கரத்திற் கட்டுண்டிருக்க, இடக்கை ஒன்றே துணியைச் செலுத்த வேண்டும். கால்மிதிப் பொறியில் இரு கைகளும் விடுபடுகின்றன; வேகமும் காலின் கட்டுப்பாட்டுள் நிற்கின்றது. மின்பொறி விரைவானது, பலவகைத் தையல்களையும் தரவல்லது. ஆயினும் மின்சாரமின்றி அது பயன்படாது. பழஞ்சேலைகளை மடித்தடுக்கி விரிப்பும் போர்வையும் தைப்போர்க்கு வேண்டுவன நேர்த்தையல், தடித்த ஊசி, அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் இயலும் அழுத்துபாதம், அசையாத வார்ப்பிரும்பு உடல் என்பனவே. அலங்காரத் தையல்கள் இப்பணிக்கு இன்றியமையாதன அல்ல.

பழுதுபார்க்கும் வசதியும் இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் ஜப்பானிய நிறுவனங்கள் சிங்கரின் 15ஆம் வகைப் பொறியைப் பொதுமாதிரியாகக் கொண்டு, ஒன்றன் உறுப்பு மற்றொன்றுக்குப் பொருந்துமாறு பொறிகளை உற்பத்தி செய்தன. இதனால் ஒரு பொறி பயனற்றுப் போயினும் அதன் உறுப்புகள் பிறிதொன்றை வாழவைத்தன. கடைகள் அருகிய நிலத்தில் இது சிறிய நன்மையன்று.

வன்னியின் நிலைமையை இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும். 1936 அளவிற் கிளிநொச்சியிற் குடியேற்றம் தொடங்கியது. 1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடு உள்ளூர் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலையைத் தேடித்தந்தது. வெளிநாட்டுப் பொருள்களையோ அரியனவாக்கியது. அக்காலத்தில் மின்சாரம் எட்டாத ஊர்கள் பல. ஆகவே அவ்வூர்களிற் கையாலோ காலாலோ இயங்கும் பொறியைத் தவிர வேறு தெரிவு இருக்கவில்லை.

1990 இற் போர் மீண்டும் மூண்டபின் வன்னியின் பெரும்பகுதி தேசிய மின்வலையமைப்புக்குப் புறம்பாயிற்று. எரிபொருள், மின்கலம் முதலியவற்றின் மீதான பொருளாதாரத் தடையால் மின்பிறப்பாக்கியும் எளிதில் உதவவில்லை. ஏ9 பாதை 2002 இற் போர்நிறுத்தத்தின் பின் திறக்கப்பட்டு, 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. அரச கட்டுப்பாட்டிலிருந்த வவுனியா நகரில் மின்பொறி வாங்குவது பொருந்தும் தெரிவாக இருந்திருக்கலாம். ஓமந்தைக்கு வடக்கே அது வீண்செலவாகவே முடிந்திருக்கும். ஒரே நிலப்பரப்பினுள்ளும் ஒரு சோதனைச்சாவடி கருவியின் பயனை மாற்றியமைத்தது.

இடப்பெயர்வு இன்னோர் அளவுகோலைக் கொணர்ந்தது. 1995 இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் வெளியேற, அவர்களுட் பெருந்தொகையினர் வன்னியை அடைந்தனர். 1996 இற் கிளிநொச்சியும் இடம்பெயர்ந்தது. கால்மிதிப் பொறியின் இரும்புத் தாங்கியை விட்டுவிட்டுத் தலைப்பகுதியை மட்டும் திருகாணி கழற்றி எடுத்துச் செல்லலாம். அதனைச் சைக்கிளில் ஏற்றவும் இயலும். சென்ற இடத்திற் பலகையொன்றிற் பொருத்திக் கைச்சக்கரம் பூட்டித் தொழிலைத் தொடரவும் இயலும்.

2009 இன் முதல் மாதங்களில் தையலின் பொருளே மாறியது. பதுங்குகுழிகளுக்கு மண்மூட்டை இல்லாதபோது சேலைகள் பைகளாகத் தைக்கப்பட்டன. கூறைச் சேலைகளும் அவற்றுட் சேர்ந்தன என்பது அங்கிருந்து மீண்டோர் பலரின் கூற்றுகளிற் பதிவாகியுள்ளது. விரிப்பும் போர்வையுமாக வேண்டிய துணியுள் மண் நிரம்பியது.

போர் 2009 மே மாதத்தில் முடிவுற்றது. செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலிருந்தோர் படிப்படியாக மீள்குடியமர்த்தப்பட்டனர். 2012 செப்டெம்பரில் அம்முகாம் மூடப்பட்டது. கணவரை இழந்த பெண்களுக்குரிய வாழ்வாதார உதவியாகத் தையற்பொறி பரவலாக வழங்கப்பட்டது. உதவியின் நோக்கம் நன்றே. ஆயினும் ஓர் ஊரிற் பலர்க்கும் ஒரே கருவியை அளிக்குமிடத்துத் தைப்போர் பெருகுவரேயன்றித் தைப்பிப்போர் பெருகார். திறந்த பாதைவழியே ஆயத்த ஆடைகளும் மலிவாக வந்து சேர்ந்தன.

மறுபுறம், கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. அங்குள்ள பொறி நிமிடத்துக்குப் பல்லாயிரம் தையல் இடுவது. அதன்முன் அமர்பவர் ஓர் ஆடையின் ஓருறுப்பையே நாள்முழுதும் தைப்பவர். மாதச் சம்பளம் உறுதியாகக் கிடைப்பதைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. எனினும் துணியை வெட்டி, தைத்து, விலைபேசும் முழுத்தொழிலும் ஒரு பெண்ணின் கையில் இருக்கும் நிலை அங்கு இல்லை.

எனவே வன்னியிற் பொறி தெரிவுசெய்வோர் எத்தனை வகைத் தையல் இடும் என வினவுமுன், எதனால் இயங்கும், யார் பழுதுபார்ப்பர், யாருக்காகத் தைப்பது என வினவுதல் வேண்டும். உதவி வழங்குவோர்க்கும் இவ்வினாக்கள் உரியன. மின்சாரம் வந்துவிட்டமையால் முதலிரு வினாக்களின் கடுமை இன்று தணிந்துள்ளது. மூன்றாவதற்கு விடை காணாதவரை, வழங்கப்பட்ட பொறி வாழ்வாதாரம் ஆகாது. வீட்டின் மூலையில் உறை மூடிக் கிடக்கும் இரும்பாகவே எஞ்சும்.