மூச்சுமுட்டும் கதை

நிலத்தடியில் சிக்கியவர் உயிருக்குப் போராடும் திகில் கதைகளைத் தமிழ் விமர்சனங்களும் இன்று ‘கிளாஸ்ட்ரோபோபிக்’ என்றே சொல்கின்றன. இலத்தீன் ‘கிளாஸ்ட்ரம்’ முதலில் தாழ்ப்பாள். பிறகு அடைத்த இடம். அதனுடன் அச்சத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைச் சேர்த்து, மருத்துவர் பெஞ்சமின் பால் 1879-இல் அடைத்த இடத்தை அஞ்சும் நோய்க்குப் பெயரிட்டார். நோயாளியின் அச்சத்தைச் சுட்டிய சொல் மெல்ல இடத்துக்கும் கதைக்கும் அடைமொழியானது. நிலத்தடி வழிக்குத் தமிழில் பழஞ்சொல் உண்டு: சிலப்பதிகாரத்து மதுரையில் வருகிறது ‘சுருங்கை’. குழலைக் குறித்த கிரேக்க ‘சிரிங்ஸ்’ வடமொழியில் ‘சுருங்கா’ ஆனது. அதன் உறவே சுருங்கையும் சுரங்கமும் என்பர். அரக்கு மாளிகைப் பாண்டவருக்குச் சுரங்கம் தப்பும் வழி. ‘அறம்’ (2017) படத்துக் குழந்தைக்கோ ஆழ்துளைக் கிணறு திரும்பவும் இடமற்ற குழி; கைகள் உடலோடு ஒட்டிக்கொள்ள, மேலே ஒரு வட்ட வெளிச்சம் மட்டும். பாறை நிலமான பல்லடம் பக்கத்தில் ‘போர்’ போடாத தோட்டம் அரிது. அங்கே அந்தக் கதைக்கு விளக்கம் தேவையில்லை. ‘அடைப்பிட அச்சம்’ என்ற மொழிபெயர்ப்பு மருத்துவ நூலுக்குப் பொருந்தும். கதைக்கு, எவரும் நாள்தோறும் சொல்லும் ‘மூச்சுமுட்டும்’ என்பதே சரியான சொல்.