எந்த எழுத்தின் கீழ் எசா?

போர்ச்சுகல் நாட்டு நாவலாசிரியர் ஒருவரைப் பற்றி ஆங்கிலத்தில் என்னென்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடப் புகுந்தேன். ஆள் ஒருவர்தான், ஆனால் மூன்று இடங்களில் இருந்தார். சில நூல்களின் பெயரடைவில் ‘க்யூ’ எழுத்தின் கீழ் ‘கெய்ரோஸ்’. சிலவற்றில் ‘ஈ’ எழுத்தின் கீழ் ‘எசா’. இன்னும் சிலவற்றில் ‘டி’ எழுத்தின் கீழ் ‘த கெய்ரோஸ்’. வாக்கியங்களுக்குள்ளும் இதே குழப்பம்தான். முதல் பத்தியில் முழுப்பெயரைச் சொல்லிவிட்டு, அடுத்த பத்தியிலிருந்து ஆளுக்கொரு பெயரால் அழைக்கிறார்கள்.

அவர் 1845 நவம்பர் 25 அன்று போவ்வா த வர்சிம் என்ற கடற்கரை ஊரில் பிறந்த ஜுசே மரியா த எசா த கெய்ரோஸ். ‘பாதிரியார் அமாரோவின் குற்றம்’, ‘ஓஸ் மாயாஸ்’ ஆகிய நாவல்களின் ஆசிரியர். 1874 முதல் 1888 வரை முதலில் நியூகாசில், பிறகு பிரிஸ்டல் என்று இங்கிலாந்திலேயே போர்ச்சுகலின் கான்சலாக வேலை பார்த்தவர். பதினான்கு ஆண்டுகள் தங்கள் மண்ணில் வாழ்ந்த எழுத்தாளரை ஆங்கிலம் எந்தப் பெயரால் குறிப்பிட வேண்டும்? இதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே நகர மனம் வரவில்லை.

முதலில் தலைப்புப் பக்கங்களைப் பார்த்தேன். மார்கரெட் ஜல் கோஸ்டா மொழிபெயர்த்த ‘ஓஸ் மாயாஸ்’ 2007-இல் வந்தது. பிரிட்டனில் அதை வெளியிட்ட டெடலஸ் பதிப்பகம் ஆசிரியர் பெயரின் கடைசி எழுத்தை ‘இசட்’ என்று அச்சிட்டது. அமெரிக்காவில் வெளியிட்ட நியூ டைரக்‌ஷன்ஸ் ‘எஸ்’ என்று அச்சிட்டது. மொழிபெயர்ப்பு ஒன்று, எழுத்துக்கூட்டல் இரண்டு. காரணம் எளிது. அவர் காலத்து வழக்கம் ‘இசட்’. 1911-இல் போர்ச்சுகல் செய்த எழுத்துச் சீர்திருத்தம் அதை ‘எஸ்’ ஆக்கியது. தோர்மெஸில் அவர் பெயரால் இயங்கும் அறக்கட்டளை இன்றும் ‘இசட்’ போட்டே எழுதுகிறது. ஆக, இரண்டும் அவருடையவையே. இதில் வழக்கு ஒன்றும் இல்லை.

அடுத்து நூற்பட்டியல் விதிகள். ஆங்கிலோ-அமெரிக்கன் நூற்பட்டியல் விதிகளின் இரண்டாம் பதிப்பு இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஸ்பானிய மொழிக்காரருக்குக் கூட்டுக் குடும்பப் பெயர் இருந்தால் முதல் பகுதியின் கீழ் பதிய வேண்டும். போர்த்துகீசிய மொழிக்காரருக்குக் கடைசிப் பகுதியின் கீழ் பதிய வேண்டும். அதனால்தான் கார்சியா மார்க்கேஸ் ‘ஜி’ எழுத்தில் இருக்கிறார். எசா த கெய்ரோஸை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் ‘க்யூ’ எழுத்தில் வைத்திருக்கிறது. ‘த’ என்ற இணைப்புச் சொல் பெயருக்குப் பின்னால் போய்விடும். ‘டி’ எழுத்தில் அவரைத் தேடுவது வீண் என்பது இங்கேயே முடிவாகிவிட்டது.

அப்படியானால் வாக்கியத்திலும் ‘கெய்ரோஸ்’ என்றே எழுதிவிடலாமா? ‘க்யூ’ வரிசையை முழுதாகப் படித்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. அதே வரிசையில் பிரான்சிஸ்கோ தெய்ஷெய்ரா த கெய்ரோஸ் இருக்கிறார். அவரும் போர்த்துகீசியர், அதே காலத்தவர், நாவலாசிரியர். பென்டோ மொரேனோ என்ற புனைபெயரில் எழுதியவர். கொஞ்சம் தள்ளி ரஷேல் த கெய்ரோஸ். 1930-இல் ‘ஓ கின்ஸே’ நாவலை எழுதியவர், 1977-இல் பிரேசில் இலக்கியக் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண். ‘கெய்ரோஸின் நாவல்’ என்று மொட்டையாக எழுதினால் இம்மூவரில் யாருடைய நாவல்? அலமாரியில் ஒழுங்கைக் காக்கும் விதி, வாக்கியத்தில் ஆளை மாற்றிவிடுகிறது.

போர்ச்சுகல் நாட்டவர் என்ன சொல்கிறார்கள்? வாசகரானாலும் பேராசிரியரானாலும் அவர்களுக்கு அவர் ‘எசா’தான். இரண்டு குடும்பப் பெயர்களில் முதலாவதை மட்டும் எடுத்து, செல்லப்பெயர் போலச் சொல்கிறார்கள். அந்த ‘எசா’ எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனபோதுதான் பிறப்புப் பதிவு கண்ணில் பட்டது.

போர்த்துகீசிய வழக்கப்படி தாய்வழிக் குடும்பப் பெயர் முன்னும் தந்தைவழிப் பெயர் பின்னும் வரும். தந்தை, நீதித்துறையில் இருந்த ஜுசே மரியா தெய்ஷெய்ரா த கெய்ரோஸ். தாய், கரோலினா அகுஸ்தா பெரெய்ரா த எசா. குழந்தை பிறந்தபோது இருவருக்கும் திருமணம் ஆகவில்லை. வில்லா து கோந்த் ஊரில் எழுதப்பட்ட ஞானஸ்நானப் பதிவில் தந்தையின் பெயர் இருக்கிறது. தாயின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், தாய் அறியப்படாதவர் என்ற குறிப்பு இருக்கிறது. பெற்றோர் 1849-இல் மணந்துகொண்டார்கள். அதற்குப் பிறகும் பிள்ளை அவர்களோடு வளரவில்லை. அவேய்ரு அருகே தந்தைவழித் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தான். அவர் சட்டப்படி அந்தப் பெற்றோரின் மகனாக ஏற்கப்பட்டது நாற்பது வயதில், 1886-இல் நடந்த தம் திருமணத்தை ஒட்டித்தான்.

இந்தத் தேதிகளை அவருடைய எழுத்துகளின் தேதிகளோடு அடுக்கிப் பார்த்தேன். 1866-இல் ‘கசெட்டா த போர்த்துகல்’ இதழில் அவர் எழுதத் தொடங்கியபோதே கையெழுத்தில் எசா இருக்கிறது. 1875-இல் ‘அமாரோ’, 1878-இல் ‘பசீலியோ’ என்ற இன்னொரு நாவல், எல்லாவற்றின் முகப்பிலும் எசா. பதிவேடு எழுதாமல் விட்ட தாயின் பெயரை, சட்டம் ஏற்பதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்பிருந்தே மகன் அச்சில் ஏற்றிக்கொண்டிருந்தார். அதன் காரணத்தை ஊகித்துக் கதை கட்ட எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தப் பெயரை அவர் விடாமல் எழுதினார் என்பதற்கு ஒவ்வொரு தலைப்புப் பக்கமும் சாட்சி.

ஆகவே ஆங்கில வாக்கியத்தில் ‘கெய்ரோஸ்’ என்று மட்டும் எழுதுபவர்கள், தங்களை அறியாமலே, பதிவேட்டு எழுத்தர் செய்ததையே திரும்பச் செய்கிறார்கள்: தந்தை பெயர் நிற்கிறது, தாய் பெயர் போய்விடுகிறது. ‘த கெய்ரோஸ்’ என்பதற்கோ போர்த்துகீசிய மரபிலும் இடமில்லை, நூலக விதியிலும் இடமில்லை.

தமிழில் இவரைப் பற்றி எழுதப்போகிறவர்களுக்கும் மொழிபெயர்க்கப்போகிறவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். நூலகத்தில் தேடும்போது ‘க்யூ’ எழுத்தில் தேடுங்கள். எழுதும்போது முதல்முறை ‘எசா த கெய்ரோஸ்’ என்று முழுமையாக எழுதுங்கள். அடுத்த வரியிலிருந்து ‘எசா’ போதும்.