இரவில் திரும்பி வரும் வன்கொடுமை: கொடுங்கனவும் உறக்கத்துப் பீதியும்

வன்கொடுமை வழக்கின் ஆவணங்களில் உடைந்த எலும்பு பதிவாகியிருக்கும். எரிந்த வீட்டின் சேத மதிப்பீடு இருக்கும். காயச் சான்றிதழில் காயத்தின் நீள அகலம்கூட இருக்கும். பாதிக்கப்பட்டவர் எத்தனை இரவுகள் உறங்காமல் கழித்தார் என்பது மட்டும் எந்தத் தாளிலும் இருப்பதில்லை.

நான் நடத்தும் வழக்கொன்றில் நேரில் கண்ட சாட்சியான ஓர் அம்மா, சம்பவம் நடந்து 8 மாதங்களுக்குப் பிறகுதான் இதைப் பற்றிப் பேசினார். வாய்தா முடிந்து பேருந்துக்குக் காத்திருந்தோம். “நடுராத்திரியில நெஞ்சு அடைக்குது தம்பி. கதவைத் தட்டுற மாதிரியே இருக்கு” என்றார். மருத்துவரிடம் போனீர்களா என்று கேட்டேன். “போனா பைத்தியம்னு எழுதிருவாங்களாம். அப்புறம் என் சாட்சி செல்லாதாமே?” என்றார். இதே அச்சத்தை வேறு ஊர்களிலும் கேட்டிருக்கிறேன். சட்டப்படி அது முற்றிலும் தவறு. ஆனால் அந்தத் தவறான நம்பிக்கையால் சிகிச்சையின்றித் தவிப்போர் பலர்.

இரவில் நிகழ்வது என்ன?

‘கெட்ட கனவு’ என்று பொதுவாகச் சொல்லப்படுவதற்குள் வெவ்வேறு அனுபவங்கள் கலந்திருக்கின்றன. கொடுங்கனவு பெரும்பாலும் இரவின் பிற்பகுதியில், கண்கள் வேகமாக அசையும் கனவுத் தூக்கத்தில் வருவது. விழித்ததும் கனவு நினைவில் இருக்கும். தாக்குதலே மீண்டும் நிகழலாம். அல்லது அதன் சாயல் மட்டும், துரத்தல், தீ, பூட்டிய கதவு என்று வரலாம். மருத்துவர்கள் ‘பேனிக் அட்டாக்’ என்று சொல்லும் திடீர்ப் பீதி வேறு வகை. அது பெரும்பாலும் உறங்கிய முதல் சில மணி நேரத்தில், கனவற்ற தூக்கத்திலிருந்து எழும். நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், உடல் வியர்க்கும், செத்துவிடுவோம் என்று தோன்றும். ஆனால் கண்ட கனவு என்று சொல்ல எதுவும் இராது. காரணம் தெரியாததாலேயே அச்சம் இரட்டிப்பாகிறது.

மூன்றாவது, நம் ஊர்களில் ‘அமுக்குவான் பேய்’ என்று சொல்லப்படுவது. மனம் விழித்துவிடும், உடல் சில கணங்களுக்கு அசையாது, மார்பின் மீது யாரோ அமர்ந்திருப்பது போலிருக்கும். கெமர் ரூஜ் ஆட்சியின் கொடுமைகளுக்குத் தப்பி அமெரிக்கா சென்ற கம்போடிய அகதிகளிடம் இவ்வனுபவம் மிகுதியாக இருந்ததை டெவன் ஹின்டன் என்ற மனநல மருத்துவர் ஆராய்ந்து பதிவு செய்திருக்கிறார். அவர்கள் மொழியிலும் அதற்குப் பெயர் ‘பேய் அழுத்துகிறது’ என்பதுதான். ஆகவே பேயோட்டுபவரிடம் போன ஒருவரை மூடநம்பிக்கைக்காரர் என்று ஏளனம் செய்வதற்கு முன், அவருக்கு அண்மையில் என்ன நேர்ந்தது என்று நம் தோழர்கள் கேட்க வேண்டும்.

ஆபத்தைச் சந்தித்த உடல் தன் காவலை எளிதில் தளர்த்துவதில்லை. கதவு உடைக்கப்பட்டது இரவில் என்றால், இரவே எச்சரிக்கை மணியாகிவிடும். இந்நிலை ஒரு மாதத்தைக் கடந்தும் நீடித்து, பகலிலும் நினைவுகள் திடுமெனத் தாக்கி, அந்தத் தெருவையே தவிர்க்கச் செய்தால், அது அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தச் சீர்குலைவாக இருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-இல் தன் நோய்ப் பட்டியலில் இதைச் சேர்த்தது. ஆனால் 1961-இலேயே ஃபிரான்ஸ் ஃபனான், அல்ஜீரியப் போரில் தாம் சிகிச்சையளித்தவர்களின் மனக்காயங்களுக்குத் தம் நூலில் ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கியிருந்தார்.

அந்தப் பெயரில் உள்ள ‘பிந்தைய’ என்ற சொல்லோடு எனக்கு ஒரு பிணக்கு உண்டு. பிணையில் வந்த எதிரி அடுத்த தெருவில் பைக்கை உறுமவிட்டுப் போகும்போது, எதற்குப் பிந்தையது இது? அச்சத்தில் ஒரு பகுதி நோய் என்றால், மற்றொரு பகுதி சரியான கணிப்பு. இரண்டையும் பிரித்தறியாத ஆலோசகர் பாதிக்கப்பட்டவரின் நம்பிக்கையை முதல் நாளிலேயே இழந்துவிடுவார்.

அந்தப் பத்து நிமிடங்கள்

திடீர்ப் பீதி பெரும்பாலும் 10 நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டுத் தணியத் தொடங்கும். இதை அறிந்திருப்பதே பாதி மருந்து. எழுந்து உட்கார்ந்து, பாதங்களைத் தரையில் பதித்து, மூச்சை உள்ளிழுப்பதைவிட மெதுவாக, நீளமாக வெளியே விட வேண்டும். இன்றைய தேதி, இருக்கும் வீடு, அருகில் உறங்குபவரின் பெயர் ஆகியவற்றை வாய்விட்டுச் சொல்லலாம். குளிர்ந்த நீரில் முகம் கழுவலாம். பக்கத்தில் இருப்பவர் உலுக்கி எழுப்பக் கூடாது. சற்றுத் தள்ளி நின்று பெயர் சொல்லி அழைக்க வேண்டும். பிடித்து இழுக்கும் கை, கனவில் தாக்குபவனின் கையாகவே தோன்றும்.

“படுக்கையறையை விட்டு வேறு அறைக்குச் சென்று படியுங்கள்” என்று ஆங்கிலக் கையேடுகள் அறிவுரை கூறும். 5 பேர் ஒரே அறையில் படுக்கும் காலனி வீட்டில் வேறு அறை ஏது? விளக்கைப் போட்டால் குழந்தைகள் விழிப்பார்கள். நள்ளிரவில் வாசலுக்குப் போவது பெண்களுக்குப் பாதுகாப்பில்லை. எனவே கைக்கெட்டும் இடத்தில் ஒரு சிறு டார்ச் விளக்கும் ஒரு சொம்பு தண்ணீரும் இருக்கட்டும். விழித்தால் யாரை எழுப்பலாம் என்பதைப் பகலிலேயே பேசி வைக்கட்டும்.

ஒன்றை மறக்கக் கூடாது. நெஞ்சு வலியும் மூச்சுத் திணறலும் முதன்முறையாக வந்தால் அது பீதிதான் என்று நாமே தீர்ப்பெழுதக் கூடாது. இதய நோய், தூக்கத்தில் மூச்சுத் தடை, சர்க்கரை குறைதல், வலிப்பு ஆகியவையும் இவ்வாறு எழுப்பக்கூடும். முதலில் மருத்துவமனை.

தூங்குவதற்காகக் குடிப்போர் நம்மிடையே அதிகம். மது சீக்கிரம் உறங்க வைக்கும். ஆனால் முன்னிரவில் கனவுத் தூக்கத்தை அடக்கி, பின்னிரவில் அதைப் பெருக்கித் தரும். கொடுங்கனவு இன்னும் கடுமையாகும். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் தூக்க மாத்திரையும் தீர்வன்று. அதிர்ச்சிக்கு அடுத்த முதல் மாதத்தில் தூக்கமின்மைக்காக பென்சோடயசெபின் வகை மாத்திரைகளைத் தர வேண்டாம் என்றே உலகச் சுகாதார நிறுவனம் 2013-இல் வழிகாட்டியது.

கனவைத் திருத்தி எழுதுதல்

கொடுங்கனவுக்கென்றே ஒரு சிகிச்சை உண்டு. பகலில், அச்சமற்ற நேரத்தில், கனவைச் சொல்லி, அதன் போக்கை விரும்பியபடி மாற்றி, மாற்றிய கனவை நாள்தோறும் 10 முதல் 20 நிமிடங்கள் மனத்தில் ஓட்டிப் பார்ப்பது. மிகக் கொடிய கனவிலிருந்து தொடங்கக் கூடாது. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் போதும். பாலியல் வன்முறைக்கு உள்ளான 168 பெண்களிடம் பேரி கிராகோவும் குழுவினரும் நடத்திய ஆய்வு 2001-இல் வெளியானது. இப்பயிற்சி பெற்றோருக்குக் கொடுங்கனவுகள் குறைந்தன, தூக்கமும் மேம்பட்டது. கடுமையான பாதிப்புள்ளோர் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகரின் துணையோடு செய்வதே நல்லது. பிரசோசின் என்ற ரத்த அழுத்த மருந்தைச் சில மருத்துவர்கள் தருவதுண்டு. ஆனால் அமெரிக்கப் போர் வீரர்களிடம் நடந்து 2018-இல் வெளியான பெரிய ஆய்வில் அது வெற்று மாத்திரையைவிட மேலானதாகத் தெரியவில்லை.

இங்கே வழக்கறிஞனாக ஓர் எச்சரிக்கை. திருத்தப்படுவது கனவு, சாட்சியம் அன்று. நீதித்துறை நடுவர் முன் வாக்குமூலம் பதிவான பிறகே இச்சிகிச்சையைத் தொடங்குவதும், தொடங்கிய தேதியைக் குறித்து வைப்பதும் என் வழக்கம். ‘ஆலோசகர் சொல்லிக்கொடுத்த கதை’ என்ற குறுக்கு விசாரணைக் கேள்விக்கு அந்தத் தேதியே விடை.

உண்மையறியும் குழுக்களில் செல்லும் மாணவத் தோழர்களுக்கும் ஒன்று. ‘கொட்டித் தீர்த்தால் பாரம் குறையும்’ என்று நம்பி, நடந்ததை முழுவதும் சொல்லுமாறு புதிதாகப் பாதிக்கப்பட்டவரை வற்புறுத்தாதீர்கள். அத்தகைய உடனடி விவரிப்பு அமர்வுகளையும் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. ஒரே பெண்ணிடம் ஒரே வாரத்தில் 4 குழுக்களும் 3 தொலைக்காட்சிகளும் ஒரே கேள்வியைக் கேட்டதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் உறக்கத்தையும் கவனியுங்கள். உடற்கூறாய்வுப் படங்களை இரவில் பார்ப்பதை நான் நிறுத்தியதற்குக் காரணம் உண்டு.

சிகிச்சை வழக்கைக் கெடுக்குமா?

கெடுக்காது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 3(5): ஒருவருக்கு மனநோய் இருப்பதாகக் கண்டறியப்படுவதால் மட்டுமே அவர் சித்த சுவாதீனம் அற்றவர் ஆகிவிடமாட்டார்; தகுதியுள்ள நீதிமன்றம்தான் அவ்வாறு அறிவிக்க முடியும். பாரதிய சாட்சிய அதினியம் 2023, பிரிவு 124-இன்படி (முன்பு சாட்சியச் சட்டத்தின் பிரிவு 118), கேள்வியைப் புரிந்து அறிவார்ந்த விடை தரக்கூடிய எவரும் சாட்சியாகலாம். கொடுங்கனவு காண்பவருக்கு அந்தத் தகுதி முழுமையாக உண்டு. எதிர்த்தரப்பு கேலி செய்யக்கூடும். அதற்கு அரசு வழக்கறிஞரை முன்கூட்டியே ஆயத்தப்படுத்த வேண்டும். ஆனால் சம்பவத்தை அடுத்த வாரங்களில் தொடங்கிய சிகிச்சைக் குறிப்புகள், நேர்ந்த தீங்குக்கான சான்றாக நமக்கே பயன்படும். அக்குறிப்புகளைப் பெறும் உரிமை அதே 2017 சட்டத்தின் பிரிவு 25-இலும், அவற்றின் இரகசியம் காக்கப்படும் உரிமை பிரிவு 23-இலும் உள்ளன. பிரிவு 18(2), சாதி அடிப்படையில் பாகுபாடற்ற மனநலச் சேவையை உரிமையாக்குகிறது.

வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 11-ஆம் விதி, மருந்துக்கும் சிறப்பு மருத்துவ ஆலோசனைக்கும் ஆன செலவைத் திரும்பத் தரச் சொல்கிறது. மனநல மருத்துவரின் ஆலோசனையும் சிறப்பு மருத்துவ ஆலோசனைதான். ரசீதுகளோடு மாவட்ட ஆட்சியரிடம் கேளுங்கள். சட்டத்தின் பிரிவு 15A(3) பிணை விசாரணை உட்பட ஒவ்வொரு நீதிமன்ற நடவடிக்கை குறித்தும் முன்னறிவிப்பு பெறும் உரிமையையும், 15A(6) முழுப் பாதுகாப்பு, மறுவாழ்வு, இடமாற்றம் ஆகியவற்றையும் தருகின்றன. எதிரி பிணையில் வந்த செய்தியைத் தெருவில் அவனைக் கண்டு அறிவதற்கும், முன்பே அறிவதற்கும் இடையே எத்தனையோ இரவுகளின் வேறுபாடு உண்டு.

வாச்சாத்தியில் பழங்குடி மக்கள் மீது வன்கொடுமை நடந்தது 1992 ஜூன் 20. விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பு 2011 செப்டம்பர் 29. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2023-இல். தீர்ப்பு வந்த பிறகு உறங்கிக்கொள்ளலாம் என்று யாரிடமும் சொல்ல முடியாது.

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். உறக்கமின்மையோடு உயிரை விடும் எண்ணமும் வந்தால், விடியும்வரை காத்திராமல் அழையுங்கள்.

பேருந்து நிறுத்தத்தில் பேசிய அந்த அம்மா இப்போது மாதம் ஒருமுறை மருத்துவமனைக்குச் செல்கிறார். கனவில் தட்டப்படும் கதவை, தம் அக்கா வந்து தட்டுவதாக மாற்றிக்கொண்டார். சில இரவுகளில் அது பலிக்கிறது, சில இரவுகளில் இல்லை. குறுக்கு விசாரணையில் “நீங்கள் மனநல மாத்திரை சாப்பிடுகிறீர்கள்தானே?” என்று கேட்டபோது, “ஆமாங்க, அன்னிக்கு ராத்திரியில இருந்து தூக்கம் இல்ல” என்றார். அந்த விடை அப்படியே பதிவாகியிருக்கிறது.