முட்டைக்கோஸும் முன்னோர்களும்

சரித்திரம் என்றதும் கோட்டையும் கொத்தளமும் நம் ஞாபகத்துக்கு வருகின்றன. என்னைக் கேட்டால், ஒரு தேசத்து ஜனங்களின் சரித்திரத்தை அறிய அவர்கள் வீட்டுக் காய்கறிக் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தாலே போதும் என்பேன். இன்று அந்தக் கூடையிலிருந்து நான் கையில் எடுப்பது முட்டைக்கோஸ். மலிவான காய், அதனாலேயே யாரும் அதை மதித்து விசாரிப்பதில்லை. ஆனால் அதன் பூர்வோத்தரம் சாமானியமானதல்ல.

சுமார் 2200 வருஷங்களுக்கு முன் ரோமாபுரியில் கேட்டோ என்று ஒரு கிழவர் இருந்தார். கார்த்தேஜ் நகரத்தை அழித்தே தீரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்த அதே மனிதர்தான். அவர் பண்ணை விவகாரம் பற்றி எழுதிய புத்தகத்தில், காய்கறிகளுக்குள் தலைசிறந்தது கோஸ்தான் என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். விருந்தில் நிறையச் சாப்பிடவும் குடிக்கவும் ஆசைப்படுகிறவன் முன்னதாகவே பச்சைக் கோஸைக் காடியோடு தின்றுவிட வேண்டும் என்பது அவருடைய யோசனை. அந்தக் கோஸ் நம் கடையில் இருக்கும் உருண்டை அல்ல. கீரையைப் போல் இலை விரிந்த ஜாதி. பந்து போன்ற கோஸ் பிற்காலத்தில் ஐரோப்பாவின் குளிர்ப் பிரதேசத்தில் உருவாயிற்று.

காடியில் பிசிறித் தின்னும் வழக்கம் மட்டும் மாறவில்லை. இன்று ஹோட்டல்களில் 'கோல்ஸ்லா' என்று வைக்கிறார்களே, அது டச்சுக்காரர்களின் சொல். 'கூல்' என்றால் கோஸ். 'ஸ்லா' என்பது ஸாலட்டின் சுருக்கம். 1748 முதல் 1751 வரை அமெரிக்காவில் சுற்றிய பீட்டர் கால்ம் என்ற ஸ்வீடன் தேசத்துத் தாவர சாஸ்திரி, ஆல்பனி நகரில் தாம் தங்கிய டச்சு வீட்டு அம்மாள் கோஸை மெல்லிய இழைகளாக நறுக்கி, எண்ணெயும் காடியும் உப்பும் மிளகும் சேர்த்துப் பரிமாறியதைச் சிலாகித்து எழுதியிருக்கிறார். படித்தபோது எனக்கு ராம நவமிக் கோசுமல்லி நினைவுக்கு வந்தது. காடிக்குப் பதில் எலுமிச்சம் பழம், மிளகுக்குப் பதில் கடுகு தாளிப்பு. சமையலறைகள் ஒன்றையொன்று பார்க்காமலே ஒரே மாதிரி யோசிக்கின்றன.

1768ல் புறப்பட்ட கேப்டன் குக்கின் 'எண்டெவர்' கப்பலில் சுமார் மூன்றரை டன் சவர்க்ராட் ஏற்றினார்கள். கோஸைச் சீவி, உப்பிட்டு அழுத்திப் புளிக்க வைக்கும் ஜெர்மானியர் சரக்கு அது. வைட்டமின் சி இல்லாமல், ஈறு வீங்கி, பல் ஆடி, மாலுமிகள் கூட்டம் கூட்டமாகச் செத்த காலம். ஆனாலும் அந்தப் புளிப்பு வஸ்துவை மாலுமிகள் தொட மறுத்தார்கள். குக் வற்புறுத்தவில்லை. அதிகாரிகளின் மேஜையில் தினமும் அதைப் பரிமாறச் சொன்னார். மற்றவர்கள் இஷ்டமிருந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்றார். ஒரு வாரத்துக்குள் கிராக்கி ஏறி, அளந்து கொடுக்கும்படி ஆயிற்று! பெரிய மனிதர் தட்டில் விழுந்துவிட்டால் எந்தக் காய்க்கும் அந்தஸ்து வந்துவிடுகிறது.

நம் பக்கத்துக்கும் அது பெரிய மனிதர் மேஜை வழியாகத்தான் வந்தது. யாழ்ப்பாணத்தில் கோஸைக் 'கோவா' என்கிறார்கள். போர்த்துக்கீசியச் சொல்லின் வாரிசு அது. தமிழ்நாட்டில் 1819ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் ஸல்லிவன் நீலகிரிக்கு ஏறிய பிறகு, அந்தக் குளிரில் ஐரோப்பியக் காய்கறிகள் பயிராயின. 1845ல் உதகமண்டலத்து வெள்ளைக்காரர்கள் மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு ஒரு காய்கறித் தோட்டம் ஏற்படுத்தினார்கள். நாம் புஷ்பக் கண்காட்சி பார்க்கப் போகும் தாவரவியல் பூங்காவின் பூர்வாசிரமம் அந்தக் காய்கறிப் பாத்திதான். பிறகு படகர்களும் தங்கள் நிலங்களில் இவற்றைப் பயிரிட்டார்கள். 1873ல் மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்தது. மலைச் சரக்கு சமவெளிக்கு இறங்க வழி பிறந்தது.

இதுவரை நடந்ததைப் புத்தகங்களில் காணலாம். இதற்குமேல் நடந்ததை எந்தக் கலெக்டரும் குறித்து வைக்கவில்லை. கோஸை நெடுநேரம் தண்ணீரில் வேகவைத்தால் கந்தக வாடை கிளம்பும். நம் பெண்கள் அதைப் பொடிப்பொடியாக நறுக்கி, கடுகும் உளுத்தம்பருப்பும் வெடித்த எண்ணெயில் போட்டு, தண்ணீரைத் தெளித்து, சற்றே வதக்கித் தேங்காயைத் துருவிப் போட்டு இறக்கினார்கள். பயத்தம்பருப்போடு சேர்த்துக் கூட்டாக்கினார்கள். கல்யாணப் பந்தியில் கோஸ் பொரியல் விழுந்தபோது அந்நியச் சரக்கு என்று யாரும் இலையைவிட்டு எழுந்திருக்கவில்லை.

ஆனால் ஒரே ஓர் இலையில் மட்டும் அதற்கு இடம் கிடையாது. தெவசத்தன்று, 'இங்கிலீஷ் காய் கூடாது' என்று எத்தனையோ வீடுகளில் கட்டளை. கோஸ், காரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு எதுவும் ஆகாது. மிளகாய்க்குக்கூட அனுமதி இல்லை, காரத்துக்கு மிளகுதான். வாழைக்காய், பாகற்காய், சேப்பங்கிழங்கு, புடலங்காய், பிரண்டை, இஞ்சி என்று வைக்கிறோமே, கப்பல்காரர்கள் வருவதற்குமுன் நம் முன்னோர் சாப்பிட்ட சாப்பாட்டின் கல்வெட்டு அது. பூரி ஜகந்நாதர் மடைப்பள்ளியிலும் கோஸுக்கும் உருளைக்கிழங்குக்கும் இடமில்லை. சரித்திரம் எழுதுகிறவர்கள் இந்த இலைகளைப் படிக்கவேண்டும்.

இதில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. என் தகப்பனாருக்குக் கோஸ் கூட்டு என்றால் உயிர். கடைசி நாட்களில் வேறு எதுவும் வேண்டாமென்று அதை மட்டுமே இரண்டு கவளம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவருடைய வருஷ திதியில் அவர் பெயரைச் சொல்லி, அவருக்குப் பிடிக்காத பாகற்காயைப் பரிமாறுகிறோம்.

சாஸ்திரமல்லவா என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பல வீடுகளில் தெவசத்துக்குச் சமைக்கும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் அமெரிக்காக் கண்டத்திலிருந்து வந்ததுதான்! அதே கண்டத்து மிளகாய் வாசலில் நிற்க, கிழங்கு மாத்திரம் சத்தமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. யாரோ ஒரு பாட்டி என்றோ ஒருநாள் அதை அடுப்பில் ஏற்றியிருக்க வேண்டும். பின்வந்தவர்களுக்கு அதுவே ஆசாரம் ஆயிற்று. ஆகவே, விதி என்று நாம் நினைப்பதில் பாதி, பழக்கம். பழக்கத்தை மனிதர்கள்தான் உண்டாக்குகிறார்கள்.

என் தாயார் இந்த ஆராய்ச்சியெல்லாம் செய்யவில்லை. தெவசத்துக்கு மறுநாள் கோஸ் கூட்டு வைப்பாள். முதல் பிடியைக் காக்கைக்கு வைத்துவிட்டு, "நேத்து சாஸ்திரத்துக்கு, இன்னிக்கு அவருக்கு" என்பாள்.